சாட்சி சொன்னால்தான் பாதுகாப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் சுரண்டலுக்காகப் பெண்களையும் சிறுமிகளையும் கடத்தி விற்கும் கும்பல்களுக்கு ஆயுள் தண்டனை போதாது, தூக்குத் தண்டனையே வேண்டும் என்று வலியுறுத்தும் கடிதங்களைத் தங்கள் நாளிதழின் இப்பகுதியில் அடிக்கடி காண்கிறேன். எழுதியவர்களின் கோபம் நியாயமானதே. ஆனால் ஆள் கடத்தலைப் பொறுத்தவரை தண்டனையின் அளவு குறைவாக இருப்பது முதன்மையான குறை அன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, ஒருவரைக் கடத்தினால் குறைந்தது ஏழு ஆண்டுகளும், சிறார் ஒருவரைக் கடத்தினால் குறைந்தது பத்து ஆண்டுகள் முதல் ஆயுள் வரையும் சிறை விதிக்கிறது. பிற நாடுகளின் சட்டங்களும் இக்குற்றத்துக்கு நீண்ட சிறைவாசத்தை விதிக்கத் தவறவில்லை. ஏட்டில் கடுமை இருக்கிறது. மீட்கப்பட்ட பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, தங்குமிடம், பணம், நாட்டில் தங்கும் உரிமை ஆகியவற்றை அவள் சொல்லப்போகும் சாட்சியத்தோடு சட்டங்கள் முடிச்சுப் போட்டு வைத்திருப்பதுதான் பெருங்குறை என்பது, சட்ட உதவி வழக்குகளில் பல ஆண்டுகள் ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் நான் கொண்டுள்ள கருத்து. அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று வாதிடவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இத்துறையில் உலகச் சட்டங்களுக்கெல்லாம் அடித்தளமாக இருப்பது 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பலேர்மோ நெறிமுறை. இந்தியா அதை 2011இல் உறுதிசெய்தது. கடத்தல் என்பதற்கு அதுவரை நாட்டுக்கு நாடு வெவ்வேறாக இருந்த விளக்கங்களுக்குப் பதிலாக, ஆளைச் சேர்த்தல், கொண்டுசெல்லுதல், ஒளித்துவைத்தல் போன்ற செயல்; மிரட்டல், ஏமாற்று, அதிகாரத்தையோ ஒருவரின் இயலாமையையோ பயன்படுத்திக்கொள்ளுதல் போன்ற வழிமுறை; சுரண்டல் என்ற நோக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே விளக்கத்தை அது தந்தது. இந்த வழிமுறைகளில் ஏதேனும் ஒன்று பயன்படுத்தப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதம் எடுபடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் வழிமுறையையே நிரூபிக்கத் தேவையில்லை. இவை பெரிய முன்னேற்றங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆவணத்தின் அடுத்த சில பிரிவுகளைப் படிப்பவருக்கு ஒரு சமனின்மை உடனே கண்ணில் படும். கடத்தலைக் குற்றமாக்குவது உறுப்பு நாடுகளின் கட்டாயக் கடமை. பாதிக்கப்பட்டவருக்கு உறைவிடம், மருத்துவம், மனநல ஆலோசனை, வேலை வாய்ப்பு ஆகியவற்றை அளிப்பதோ, அவரை நாட்டில் தங்க அனுமதிப்பதோ பரிசீலிக்க வேண்டிய விஷயங்கள் மட்டுமே. அதாவது, குற்றவாளியைப் பிடிப்பது அரசின் கடமை, பாதிக்கப்பட்டவரைக் காப்பது அரசின் கருணை. இந்த ஏற்றத்தாழ்வு அதன் பின்னர் எழுதப்பட்ட தேசியச் சட்டங்கள் பலவற்றிலும் அப்படியே இறங்கிவிட்டது.

இதன் விளைவு என்ன என்பதை மீட்பு நடக்கும் அந்த முதல் இரவில் பார்க்கலாம். சோதனைக்குச் சென்ற குழு, கட்டடத்தில் இருந்தவர்களை வரிசையாக உட்கார வைக்கிறது. பெயர் என்ன, வயது என்ன, யார் கூட்டிவந்தது, எந்தத் தேதியில் வந்தாய், இதற்கு முன் எங்கே இருந்தாய் என்று கேள்விகள் தொடங்குகின்றன. பதினாறு வயதுச் சிறுமி சற்றும் தயங்காமல் இருபத்திரண்டு என்கிறாள். யார் கேட்டாலும் அப்படிச் சொல்லும்படி அவளைப் பழக்கியிருக்கிறார்கள். சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டாள். கூட்டிவந்தவர் யாரென்று கேட்டால் 'நானாகத்தான் வந்தேன்' என்பாள். காவல்துறையும் தரகரும் ஒரே ஆட்கள் என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சில இடங்களில் அது பொய்யும் அன்று. அவள் பெயரில் ஒரு கடன் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிய விலை, பயணச் செலவு, துணி, மருந்து, தங்கும் அறை என்று எல்லாம் அதில் ஏறும். அவள் சம்பாதித்தது மட்டும் முழுதாக ஏறாது. அவள் வீட்டு முகவரி அவர்களுக்குத் தெரியும், தங்கை எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதும் தெரியும். இந்த நிலையில் வாயைத் திறப்பதால் வரும் ஆபத்து அவளுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. திறப்பதால் கிடைக்கும் நன்மையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவில் எழுதப்படும் முதல் வாக்குமூலம்தான் அவள் பாதிக்கப்பட்டவளா, குற்றவாளியா, அந்நிய நாட்டிலிருந்து அனுமதியின்றி வந்தவளா என்பதைத் தீர்மானிக்கிறது. பின்னர் அவள் உண்மையைச் சொல்லும்போது, முதலில் சொன்ன பொய் அவளுக்கு எதிரான ஆவணமாக நீதிமன்றத்தில் நிற்கிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சிந்திக்காத சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சைப்ரஸ் நாட்டில் 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. கேளிக்கை விடுதிகளில் ஆடுவதற்கென அந்நாடு அப்போது வழங்கிவந்த 'கலைஞர்' விசாவில் ரஷ்யாவிலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். வேலையில் சேர்ந்த மூன்றாம் நாளே, ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டு விடுதியை விட்டு வெளியேறினார். சில நாள்கள் கழித்து, 28ஆம் தேதி அதிகாலையில், விடுதி மேலாளர் அவரைக் கண்டுபிடித்துத் தாமே காவல் நிலையத்துக்கு இழுத்துச் சென்றார். சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் என்று சொல்லி நாட்டைவிட்டு அனுப்பச் செய்துவிட்டு, அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணை வரவழைப்பது அவர் எண்ணம். காவலர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். அவர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் பட்டியலில் இல்லை. அவ்வளவோடு தங்கள் வேலை முடிந்ததாகக் கருதி, அதே மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, வந்து கூட்டிச் செல்லும்படி சொன்னார்கள். எதற்காக ஓடினாய் என்று அந்தப் பெண்ணிடம் ஒருவரும் கேட்கவில்லை. மேலாளர் அவரை ஒரு மாடிக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் கீழே தெருவில் இறந்து கிடந்தார். பால்கனிக் கம்பியில் ஒரு படுக்கை விரிப்பு கட்டப்பட்டிருந்தது.

இந்த வழக்கில் 2010 ஜனவரி 7 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆள் கடத்தல் என்பது அடிமைத்தனத்தைத் தடைசெய்யும் உடன்படிக்கைப் பிரிவுக்குள்ளேயே அடங்கும் என்று அறிவித்ததோடு, சைப்ரஸ் அரசு அப்பெண்ணைக் காக்கத் தவறியது என்றும், அவரை எப்படிச் சேர்த்தார்கள் என்று ரஷ்ய அரசு விசாரிக்கத் தவறியது என்றும் கூறியது. நான் இந்த வழக்கை எடுத்துச் சொல்வதற்குக் காரணம், அங்கே சட்டம் இல்லாமல் போகவில்லை என்பதுதான். கடத்தலையும் பாலியல் சுரண்டலையும் தண்டிக்கும் சட்டத்தை சைப்ரஸ் அதற்கு முந்தைய ஆண்டே, 2000இல், இயற்றியிருந்தது. காவல் நிலையத்தில் அந்த அதிகாலையில் இருந்தவர்களுக்குக் குடியேற்றப் பதிவேடு தெரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராக இருக்கக்கூடும் என்று யோசிக்கும் கடமை மட்டும் தெரிந்திருக்கவில்லை. வேலையை விட்டுப் போகும் பெண்ணைப் பற்றி அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்கும் பொறுப்பை, அவரை வேலைக்கு அழைத்து வந்தவரிடமே அந்நாட்டு விசா முறை ஒப்படைத்திருந்ததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2020 ஜூனில், அதே நீதிமன்றத்தின் பேரமர்வு குரோஷியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் சொன்னது என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு முன்னாள் காவலர். வேலை வாங்கித் தருவதாக முகநூல் வழியே தொடர்புகொண்டு, பின்னர் அப்பெண்ணைப் பாலியல் தொழிலில் தள்ளினார் என்பது புகார். அவள் சொல்வது முன்னுக்குப் பின் முரணாகவும் தயக்கமாகவும் இருக்கிறது என்று கூறி உள்நாட்டு நீதிமன்றங்கள் அவரை விடுதலை செய்தன. பேரமர்வு கேட்டது வேறு கேள்வி: அவள் வாய்மொழியைத் தவிர மற்ற ஆதாரங்களை நீங்கள் தேடினீர்களா? முகநூல் தொடர்புகளை யாரும் ஆராய்ந்திருக்கவில்லை. இருவரும் தங்கிய வீட்டின் உரிமையாளரையும் அக்கம்பக்கத்தாரையும் யாரும் விசாரித்திருக்கவில்லை. வெளிப்படையாகத் தெரிந்த தடயங்களைப் பின்தொடராமல், அவள் ஒன்று சொல்கிறாள் அவன் ஒன்று சொல்கிறான் என்ற அளவுக்கு வழக்கைச் சுருக்கிவிட்டதே உரிமை மீறல் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவரின் மனநிலை காரணமாக அவருடைய வாக்குமூலத்தில் முரண்பாடுகள் வரக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி.

குறுக்கு விசாரணைக் கூண்டில் நிற்கும் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை புரியும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்த வேண்டிய தேவைகூட இல்லை. "கடைக்குத் தனியாகத்தானே போய் வந்தீர்கள்? அப்போது கதவு திறந்துதானே இருந்தது? கைப்பேசி உங்கள் கையில்தானே இருந்தது? வீட்டுக்குப் பணம்கூட அனுப்பினீர்கள் அல்லவா? பிறகு ஏன் ஒருமுறைகூடத் தப்பிக்கவில்லை?" என்று அடுக்கிக்கொண்டே போவார். ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கதவைப் பூட்டி வைப்பதெல்லாம் தொடக்கத்தில் மட்டுமே. கடனும் அவமானமும் மிரட்டலும் வேலை செய்யத் தொடங்கிய பிறகு பூட்டு தேவைப்படுவதில்லை என்பதை இரண்டு வரிப் பதிலில் அவளால் விளக்க முடியாது. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதற்குள் அவளுக்குத் திருமணம் ஆகியிருக்கலாம். கணவன் வீட்டாருக்கு எதுவும் தெரியாமலிருக்கலாம். ஒரு நாள் சம்மன் வருகிறது. அவள் வராமல் போகிறாள், அல்லது வந்து 'எனக்கு எதுவும் தெரியாது' என்று சொல்லிப் பிறழ் சாட்சியாகிறாள். வழக்கு தோற்கிறது. பழி அவள் தலையில் விழுகிறது. அறையை வாடகைக்கு எடுத்த ஒப்பந்தம், இணைய விளம்பரத்துக்குப் பணம் கட்டிய கணக்கு, பயணச்சீட்டுகள் யார் பெயரில் யார் பணத்தில் எடுக்கப்பட்டன என்ற விவரம், கைப்பேசி அழைப்புப் பதிவுகள், பணம் கைமாறிய வங்கித் தடங்கள் ஆகியவை எல்லாம் பேசியிருக்க வேண்டிய வழக்கில், ஒரு பெண்ணின் நினைவாற்றலையும் துணிச்சலையும் மட்டும் நம்பி அரசுத் தரப்பு வந்து நின்றதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

இனி அந்த முடிச்சுக்கு வருகிறேன். அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் இயற்றிய கடத்தல் பாதிப்பாளர் பாதுகாப்புச் சட்டம், கடத்திக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டவர் அங்கேயே தங்குவதற்கு 'டி' விசா என்ற வழியைத் திறந்தது. ஆண்டுக்கு 5,000 பேர் வரை அதைப் பெறலாம். ஆனால் விசாரணை அதிகாரிகளின் நியாயமான வேண்டுகோள்களுக்கு விண்ணப்பதாரர் உடன்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மனப் பாதிப்பால் ஒத்துழைக்க இயலாதவர்களுக்கும் அதில் விலக்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுக் கட்டளையும் வெளிநாட்டுப் பாதிப்பாளரின் தங்கும் அனுமதியை அவருடைய ஒத்துழைப்போடு இணைத்தது. இரண்டிலும் அடிப்படைக் கணக்கு ஒன்றே: நீ எங்களுக்குப் பயன்பட்டால் நாங்கள் உன்னைக் காப்போம். கடத்தல்காரன் அவளோடு செய்துகொண்ட பேரமும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் இருந்தது என்று சொன்னால் அதிகாரிகள் வருத்தப்படுவார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு அவ்வளவு எளிதில் தெரியாது.

வேறு வழி இல்லாமலில்லை. இத்தாலி 1998ஆம் ஆண்டிலேயே தன் குடியேற்றச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் இரண்டு பாதைகளை வகுத்தது. காவல்துறையிடம் புகார் கொடுத்து வழக்கில் ஒத்துழைப்பது ஒரு பாதை. புகாரே கொடுக்காமல், அங்கீகாரம் பெற்ற சமூக சேவை அமைப்போ உள்ளாட்சி நிர்வாகமோ நடத்தும் உதவித் திட்டத்தில் சேர்ந்து, அதன் வழியே தங்கும் அனுமதி பெறுவது மற்றொரு பாதை. ஆறு மாதத்துக்குத் தரப்படும் அந்த அனுமதியைப் புதுப்பிக்கலாம். பின்னர் வேலை அல்லது படிப்புக்கான அனுமதியாக மாற்றிக்கொள்ளவும் முடியும். பலேர்மோ நெறிமுறை எழுதப்படுவதற்கு முன்பே ஒரு நாடு இதைச் சட்டமாக்கிவிட்டது என்பது, 'இதெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாது' என்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில். இத்தாலியிலும் எல்லா இடங்களிலும் அதிகாரிகள் இரண்டாம் பாதையை மனமுவந்து திறப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் சட்டத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டதை வலியுறுத்திக் கேட்க முடியும்.

ஐரோப்பியக் கவுன்சிலின் 2005ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்னும் ஒரு படி முன்னே சென்றது. கடத்தப்பட்டவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே, குறைந்தது 30 நாள்கள் அவரை யாரும் நாட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது. அந்த நாள்கள் உடலும் மனமும் தேறுவதற்கும், ஒத்துழைப்பதா வேண்டாமா என்று அவரே யோசித்து முடிவெடுப்பதற்கும் உரியவை. சாட்சி சொல்ல முன்வந்தால்தான் உதவி என்ற நிபந்தனை விதிக்கக் கூடாது என்பதையும் அது வெளிப்படையாக எழுதியது. முப்பது நாள்கள் போதுமா என்பது வேறு கேள்வி. போதாது என்பதே என் எண்ணம். பல ஆண்டுகள் ஒருவர் சொல்படியே உண்டு உறங்கிய பெண்ணுக்குத் தானாக ஒரு முடிவெடுக்கும் பழக்கமே ஒரு மாதத்தில் திரும்பி வருவது அரிது. ஆயினும், முதல் இரவிலேயே எல்லாம் முடிவாகிவிடுவதை அந்த ஏற்பாடு தடுக்கிறது.

இதை எதிர்ப்பவர்களின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. நிபந்தனையின்றி உதவி கொடுத்தால் யார் வேண்டுமானாலும் 'நானும் கடத்தப்பட்டவள்' என்று வந்து நிற்பார்களே, வழக்குகளுக்குச் சாட்சிகளே கிடைக்காமல் போய்விடுமே என்கிறார்கள். முதல் அச்சத்துக்குப் பதில், யார் பாதிக்கப்பட்டவர் என்று கண்டறியும் பொறுப்பைக் காவல்துறையிடம் மட்டும் விடாமல், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களும் மருத்துவர்களும் அடங்கிய குழுவிடம் ஒப்படைப்பது. கண்டறிதல் வேறு, சாட்சியம் வேறு. இரண்டாவது அச்சம் காரியத்தைத் தலைகீழாகப் பார்ப்பதால் வருவது. உதவி பெறுவதற்காகத்தான் இவள் சாட்சி சொல்கிறாள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்வதற்கு இடம் கொடுப்பதே இந்த நிபந்தனைதான். தங்கும் அனுமதிக்காகப் பொய் சொல்கிறாய், இழப்பீட்டுக்காகக் கதை கட்டுகிறாய் என்ற குற்றச்சாட்டை, எதுவும் சொல்லாவிட்டாலும் அவளுக்கு அதே உதவி கிடைத்திருக்கும் என்ற நிலையில் யாராலும் எழுப்ப முடியாது. அச்சம் தணிந்து, சொந்தக் காலில் நின்று, தானாக விரும்பி வந்து சொல்லும் சாட்சியத்துக்கு இருக்கும் வலிமை, காப்பகத்தில் அடைத்து வைத்துக் கேட்டு வாங்கிய வாக்குமூலத்துக்கு என்றும் வராது.

காப்பகம் என்றவுடன் இந்தியச் சட்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டத்தின்படி மீட்கப்படும் பெண் நடுவர் முன் நிறுத்தப்படுகிறாள். மூன்று வாரத்துக்கு மிகாத இடைக்காலக் காவலில் அவளை வைத்து, நன்னடத்தை அலுவலரைக் கொண்டு வீட்டு நிலை விசாரித்து, தேவை என்று கருதினால் ஓராண்டுக்குக் குறையாமலும் மூன்று ஆண்டுக்கு மிகாமலும் பாதுகாப்பு இல்லத்தில் வைக்க நடுவர் ஆணையிடலாம். சிறுமி என்றால் அவளைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. அதில் இரண்டு கருத்து இல்லை. வயதுவந்த பெண்ணை, அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும், அவள் விருப்பத்துக்கு மாறாக மூன்று ஆண்டுவரை அடைத்து வைக்கலாம் என்பதை எந்தக் கணக்கில் பாதுகாப்பு என்பது? அவ்வாறு அடைக்கப்பட்ட மூன்று பெண்களை விடுவித்து 2020 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், வயதுவந்தவர்களுக்குத் தாம் விரும்பிய இடத்தில் வாழ உரிமை உண்டு என்று தெளிவுபடுத்தியது. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றமும், பாதுகாப்பு இல்லங்களில் விருப்பமின்றி வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து, காலவரையறைக்குள் விடுவிப்பதற்கான நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சட்டத்தின் வரிகள் மட்டும் இன்னும் மாறவில்லை.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு இன்னும் விந்தையானது. பொது இடத்தில் அழைப்பு விடுத்தல் குற்றம் என்று கூறும் அப்பிரிவின்படி முதல்முறை பிடிபடும் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதையே ஓர் ஆண் செய்தால் ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரை மட்டுமே. தரகர் அனுப்பித் தெருவில் நிற்கும் பெண்ணைக் குற்றவாளியாகப் பதிவுசெய்யும் இந்தப் பிரிவு, அவளைப் பாதிக்கப்பட்டவள் என்று சொல்லும் மற்றப் பிரிவுகளோடு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சட்டத்துக்குள் குடியிருக்கிறது. தரகருக்கு இது எவ்வளவு வசதி என்பதை யோசித்துப் பாருங்கள். 'போலீசுக்குப் போனால் உன்னைத்தான் பிடிப்பார்கள்' என்ற அவர் மிரட்டலைச் சட்டமே மெய்யாக்கித் தருகிறது.

பணத்தில் இந்த முடிச்சு எப்படி ஒளிந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ், பாலியல் சுரண்டலிலிருந்து மீட்கப்படுவோருக்கு 3 லட்சம் ரூபாய் உதவித் தொகை அறிவிக்கப்பட்டது. நல்ல தொகைதான். ஆனால் அதன் முழுப் பயனும் வழக்கின் முடிவோடு இணைக்கப்பட்டது; உடனடி நிவாரணமாக அப்போது வைக்கப்பட்ட 20,000 ரூபாய் மட்டுமே வழக்கு எந்த நிலையில் இருந்தாலும் கிடைக்கக்கூடியது. குற்றவாளி தண்டிக்கப்பட்டால்தான் நீ பாதிக்கப்பட்டவள் என்றால், விசாரணை அதிகாரி செய்த தவற்றுக்கும், அரசு வழக்கறிஞர் கோட்டைவிட்டதற்கும், சாட்சி மிரண்டதற்கும் அபராதம் கட்டுபவள் அவளே. இதற்கு மாறாக, குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 2009இல் நடைமுறைக்கு வந்து, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவாகத் தொடரும் இழப்பீட்டு ஏற்பாடு, குற்றவாளி யார் என்றே தெரியாமல் வழக்கு நடக்காவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்கிறது. இடைக்கால நிவாரணத்துக்கும் அதில் வழி உண்டு. நாடாளுமன்றம் இப்படி அவிழ்த்துவிட்ட முடிச்சை, விசாரணைக்கும் வழக்குக்கும் ஒத்துழைக்க வேண்டும் என்ற தகுதி விதியைச் சேர்த்து மாநிலத் திட்டங்கள் பல மறுபடியும் போட்டுவிட்டன. விண்ணப்பப் படிவத்தின் நடுவே அமைதியாக உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு.

கடத்தப்பட்ட நிலையில் செய்ய நேர்ந்த குற்றங்களுக்காகப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்ற கொள்கையும் இதோடு சேர்ந்ததே. போலிக் கடவுச்சீட்டில் பயணம் செய்தது, அனுமதியின்றித் தங்கியது, தெருவில் நின்றது போன்றவற்றைக் காட்டி அவளை மிரட்ட முடியாத நிலை வந்தால்தான் அவள் வாய் திறப்பாள். நியூயார்க் மாநிலம் 2010ஆம் ஆண்டில், கடத்தப்பட்டிருந்த காலத்தில் பாலியல் தொழில் தொடர்பாக விதிக்கப்பட்ட தண்டனைத் தீர்ப்புகளையே நீக்கிவிடும் வழியை அமெரிக்காவில் முதன்முதலாக உண்டாக்கியது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, கட்டாயத்தின் பேரில் குற்றம் செய்தவர்களுக்கு எதிர்வாதம் ஒன்றைத் தந்தது. ஆனால் அது செல்லாத குற்றங்களென்று நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டு, கொடுத்ததில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பாலியல் தொழிலை என்ன செய்வது என்ற பெரிய விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. வாங்குபவரைத் தண்டிக்கும் 1999ஆம் ஆண்டு சுவீடன் சட்டமா, தொழிலையே குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட 2003ஆம் ஆண்டு நியூசிலாந்துச் சட்டமா என்று இரு அணிகள் கால் நூற்றாண்டாக வாதிட்டு வருகின்றன. ஒன்றை மட்டும் குறிப்பிடுவேன். அத்தனை தாராளமான நியூசிலாந்துச் சட்டமும் தற்காலிக விசாவில் வருபவர்கள் இத்தொழிலில் ஈடுபடுவதைத் தடை செய்திருக்கிறது. ஆகவே அங்கே கடத்திவரப்பட்ட பெண்ணுக்கும் 'வெளியே சொன்னால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள்' என்ற பழைய அச்சம் அப்படியே இருக்கிறது. எந்த அணியின் சட்டம் வந்தாலும் முடிச்சு தானாக அவிழ்வதில்லை.

புதிய குற்றப்பிரிவு ஒன்றை எழுதுவது ஆட்சியாளர்களுக்கு எப்போதும் எளிது. செலவில்லை, கைதட்டல் உண்டு. அமெரிக்கா 2018இல் இணையதளங்களைக் குறிவைத்து இயற்றிய கடுமையான சட்டத்தின் புதிய குற்றப்பிரிவு, மூன்று ஆண்டுகள் கழித்து அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு கணக்குப் பார்த்தபோது, ஒரே ஒரு வழக்கில்தான் பயன்பட்டிருந்தது. இந்தியாவில் 2018 ஜூலையில் மக்களவை நிறைவேற்றிய ஆள் கடத்தல் தடுப்பு, பாதுகாப்பு, மறுவாழ்வு மசோதா மாநிலங்களவைக்கு வராமலேயே அடுத்த ஆண்டு காலாவதியானது. மறுவாழ்வுக்கென்று நிதியம் ஒன்று அமைப்பதாகவும், மறுவாழ்வு என்பது குற்ற வழக்கு தொடங்கியதா, எப்படி முடிந்தது என்பதைப் பொறுத்தது அன்று என்றும் அதில் எழுதியிருந்தார்கள். காப்பகங்களை மையமாக வைத்த பழைய போக்கு அதிலும் இருந்ததால் எனக்கு அதன்மேல் வேறு குறைகள் உண்டு. ஆனால் அந்த ஒரு கொள்கை இனி வரும் எந்தச் சட்டத்திலும் இடம்பெற வேண்டும். அதோடு வயதுவந்தவர்களைக் காப்பகத்தில் வைப்பதற்கு அவர்களுடைய எழுத்துபூர்வமான சம்மதமும், தனியாக ஒரு வழக்கறிஞரின் உதவியும் கட்டாயம் என்பதும், 8ஆம் பிரிவை நீக்குவதும், இழப்பீட்டுத் திட்டங்களிலிருந்து ஒத்துழைப்பு நிபந்தனையை எடுப்பதும் சேர வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு நாடாளுமன்றம்கூடத் தேவையில்லை. மாநில அரசுகள் ஓர் அரசாணையால் செய்துவிடலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சோதனை, கைது, மீட்பு நடவடிக்கைகளின்போது பெண்களின் அடையாளம் வெளியாகாதபடி ஊடகங்கள் மிகுந்த கவனம் எடுக்க வேண்டும் என்பதும், அதற்கான நெறிமுறைகளைப் பத்திரிகைக் கவுன்சில் வெளியிட வேண்டும் என்பதும் 2022ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவில் அடங்கியுள்ளன. அதற்குப் பிறகும் 'அழகிகள் மீட்பு' என்ற தலைப்பும், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறும் பெண்களின் படமும் தமிழ் நாளிதழ்களிலிருந்து முழுதாக விடைபெறவில்லை. சோதனை நடந்த மறுநாள் வரும் செய்தியோடு நிறுத்திவிடாமல், ஆறு மாதம் கழித்து அதே வழக்கில் எத்தனை பெண்கள் இன்னும் காப்பகத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இடைக்கால நிவாரணம் பெற்றார்கள், யாருடைய விண்ணப்பம் எந்தக் காரணத்துக்காகத் தள்ளுபடியானது என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் காவல்துறையிடமும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு, பெயர் விவரம் எதுவுமின்றி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த எண்ணிக்கைகளைக் கேட்பதில் சட்டத் தடை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர், வழக்கறிஞர்